சூசையும் யூசோப்பும்

பெரட்டுக் களம் என்றால் என்னவென்று நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடியுமுன் எழுந்து, வாளியும் உளியுமாக வரிசையில் நின்று, கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்த இடம் அது. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தை மனத்தில் நினைத்துக் கொள்வோம். அங்கே பால் வெட்டுபவர் ஒருவரின் பெயர் சூசை. லாரி ஓட்டும் மலாய்க்காரரின் பெயர் யூசோப். மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அன்பரின் பெயர் யூசுப். மலை மேல் பங்களாவில் குடியிருந்த துரையின் பெயர் ஜோசப். இந்த நால்வருக்கும் உண்மையில் ஒரே பெயர்தான். ஆனால் அவர்களில் எவரும் அதை அறிந்திருக்கமாட்டார்கள்.

சூசை என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த வடிவம். யூசோப், யூசுப் ஆகியவை அரபு வழி வந்தவை. ஜோசப் ஆங்கில வழி வந்தது. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் யோசேப்பு என்று படிக்கிறோம். இவற்றுக்கெல்லாம் தாய் எபிரேய மொழியில் உள்ள 'யோசேப்' என்ற சொல். 'இன்னும் ஒன்றைக் கூட்டித் தருவாராக' என்பது அதன் பொருள். யாரைப் பார்த்து, யார், எதைக் கூட்டித் தரும்படி கேட்டார்கள் என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

விவிலியம் கிறிஸ்தவர்களின் மறைநூல். அதன் முற்பகுதி யூதர்களுக்கும் மறைநூல். அதில் வரும் பெரியோர் பலரை முஸ்லிம்களும் போற்றுகிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது சமயத்தை அன்று. அந்நூலில் வரும் பெயர்களின் வரலாற்றை மட்டுமே. எல்லாச் சமயத்தாரும் ஒரே லயத்தில் வாழ்ந்து பழகியவர்கள் நாம். ஆகவே அண்டை வீட்டுக்காரரின் பெயருக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்வதில் குறையொன்றும் இல்லை.

எபிரேய மொழிக்கு 22 எழுத்துகள். நமக்குப் பழக்கமான ஜாவி எழுத்தைப் போல அதுவும் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. பழங்காலத்தில் மெய்களை மட்டுமே எழுதினார்கள். இன்ன உயிரொலி என்று காட்டும் புள்ளிகள் கி.பி. 7-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே சேர்க்கப்பட்டன. அம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட ஒரு வேரிலிருந்து பிறப்பவை. எடுத்துக்காட்டாக ந், த், ன் என்ற மூன்று மெய்களை எடுத்துக்கொள்வோம். 'கொடு' என்பது அவற்றின் பொருள். இந்த வேரிலிருந்து நாத்தான் என்ற பெயர் பிறந்தது. 'கொடுத்தார்' என்று பொருள். யோனத்தான் என்றால் 'யாவே கொடுத்தார்'. நாத்தான்வேல் என்றால் 'இறைவன் கொடுத்தார்'. மத்தனியா என்றால் 'யாவேயின் கொடை'. ஒரே வேரில் இத்தனை கிளைகள்!

இங்கே இரண்டு சிறு சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஏல்' என்றால் இறைவன். 'யா' அல்லது 'யாகு' என்பது, யாவே என்று அறிஞர்கள் ஒலிக்கும் இறைப்பெயரின் சுருக்கம். யூதர்கள் அப்பெயரின் மேல் கொண்ட மரியாதையால் அதை வாயால் உச்சரிப்பதில்லை. விவிலியப் பெயர் ஒன்று 'ஏல்' என்று முடிந்தாலும், 'யா' என்று முடிந்தாலும், 'யோ' என்று தொடங்கினாலும், அதனுள் பெரும்பாலும் இறைவன் பெயர் ஒளிந்திருக்கும்.

நம் வகுப்பில் ஒரு முறை ஒரு மாணவன் எழுந்து, "சார், சாமுவேல் என்பது முருகன் பெயரா?" என்று கேட்டான். வேல் என்று முடிகிறதே என்பது அவன் ஐயம். நல்ல கேள்விதான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு விடை எளிது. இரண்டு உயிர் சேரும் இடத்தில் உடம்படுமெய் தோன்றும் அல்லவா? சாமு என்பதோடு ஏல் சேர, நடுவில் வகரம் தோன்றி, சாமுவேல் ஆயிற்று. மிகா என்பதோடு ஏல் சேர்ந்து மிகாவேல். தானி என்பதோடு ஏல் சேரும்போது, இகரத்தின் பின் யகரம் தோன்றித் தானியேல். நன்னூல் சொல்லும் விதி பாலஸ்தீனத்துப் பெயரிலும் செல்லுபடியாகிவிட்டது! நாத்தான்வேல் என்ற பெயரில் மட்டும் அந்த வகரத்துக்கு வேலையில்லை. மற்றப் பெயர்களைப் பார்த்து அதுவும் வந்து ஒட்டிக்கொண்டது போலும்.

எபிரேயப் பெயர்களில் பல, தனிச் சொற்கள் அல்ல, முழு வாக்கியங்கள். தானியேல் என்றால் 'இறைவனே என் நீதிபதி'. மிகாவேல் ஒரு கேள்வி: 'இறைவனுக்கு நிகர் யார்?' எலியா என்றால் 'என் இறைவன் யாவே'. யோவேல் என்ற பெயரிலும் அதே இரண்டு சொற்களே முன்பின்னாக நிற்கின்றன: 'யாவே இறைவன்'. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பெயர் உண்டு. ஏசாயா என்ற இறைவாக்கினர் தம் மகன் ஒருவனுக்கு மகேர்-ஷாலால்-அஷ்-பாஸ் என்று பெயர் வைத்தார். 'கொள்ளை விரைகிறது, சூறை முந்துகிறது' என்பது பொருள். நாட்டுக்கு வரவிருந்த போரை மக்களுக்கு அறிவிக்கவே அப்படிப் பெயரிட்டார். இந்தப் பெயரை வருகைப் பதிவேட்டின் சிறு கட்டத்துக்குள் எழுத நேரும் ஆசிரியரை நினைத்தால் நமக்கு இரக்கமாக இருக்கிறது.

இனி, பெயர் சூட்டியவர்கள் யார் என்று பார்ப்போம். விவிலியத்தின் பழைய பகுதிகளில் தாயே பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். அப்பெயர்களில் அந்தத் தாய்மார் பட்ட பாடு அப்படியே நிற்கிறது.

ஆதியாகமம் என்ற நூலில் ஆகார் என்ற பணிப்பெண்ணின் கதை வருகிறது. எகிப்திலிருந்து வந்த அடிமைப் பெண் அவள். கருவுற்றிருந்த வேளையில், எஜமானியின் கொடுமை தாளாமல் பாலைவனத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே ஒரு நீரூற்றின் அருகே, பிறக்கப்போகும் பிள்ளைக்கு இஸ்மவேல் என்று பெயரிடும்படி அவளுக்குச் சொல்லப்படுகிறது. 'இறைவன் கேட்கிறார்' என்று பொருள். அவளுடைய அழுகை கேட்கப்பட்டது என்பதே காரணம். அரபு வழியாக இஸ்மாயில் என்று நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு வழங்கும் பெயர் இதுதான். வேலைக்காரப் பெண் ஒருத்தியின் கண்ணீரிலிருந்து பிறந்த பெயர் அது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

அடுத்து லேயாள், ராகேல் என்ற இரு சகோதரிகள். இருவரையும் யாக்கோபு மணந்தார். அவர் விரும்பியது இளையவளான ராகேலை. மணமன்று தந்தையின் சூழ்ச்சியால் முன்னதாகக் கிடைத்தவள் லேயாள். கணவன் அன்பு தனக்கு இல்லை என்பது லேயாளுக்குத் தெரியும். முதல் மகன் பிறந்ததும் ரூபன் என்று பெயரிட்டாள். 'பாருங்கள், ஒரு மகன்!' என்பது பொருள். இனியாவது கணவர் தன்னை நேசிப்பார் என்றாள். இரண்டாமவன் சிமியோன், 'கேட்டார்' என்ற வேர். தான் வெறுக்கப்படுவது இறைவன் காதில் விழுந்தது என்றாள். மூன்றாமவன் லேவி, 'சேர்தல்' என்ற வேர். இப்போதாவது கணவர் தன்னோடு சேர்ந்திருப்பார் என்றாள். நான்காவது மகன் பிறந்தபோது கணவனைப் பற்றிய பேச்சே இல்லை. 'துதிப்பேன்' என்று சொல்லி யூதா என்று பெயரிட்டாள்.

நான்கு பெயர்களில் ஒரு பெண்ணின் சில ஆண்டு வாழ்க்கை முழுவதும் அடங்கிவிட்டது. நாம் அறிந்தவரை, நீண்ட கதை எழுதியவர்களும் இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்னதில்லை. அந்த யூதாவின் பெயரே பின்னர் ஒரு குலத்தின் பெயராகி, ஒரு நாட்டின் பெயராகி, இன்று யூதர் என்ற இனத்தின் பெயராகவும் நிற்கிறது.

ராகேலுக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. கடைசியில் ஒரு மகன் பிறந்தபோது, 'இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தருவாராக' என்று வேண்டி யோசேப்பு என்று பெயர் வைத்தாள். நம் சூசையும் யூசோப்பும் இங்கேதான் பிறந்தார்கள். அவள் வேண்டுதல் பலித்தது. ஆனால் இரண்டாவது மகனைப் பெறும்போதே வழியில் அவள் உயிர் பிரிந்தது. போகும் தறுவாயில் அவனுக்குப் பெனோனி என்று பெயரிட்டாள். 'என் துயரத்தின் மகன்'. தந்தை அதை ஏற்கவில்லை. பென்யமீன் என்று மாற்றினார், 'வலக்கையின் மகன்'. பிள்ளை வாழ்நாள் முழுவதும் தாயின் மரணத்தைத் தன் பெயரில் சுமக்கக் கூடாது என்று அவர் எண்ணினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பெயர்களும் இப்படிக் கனத்தவை அல்ல. ஆடுமாடு மேய்த்த மக்கள் கண்ணால் கண்டவற்றையும் பெயராக வைத்தார்கள். தெபோராள் என்றால் தேனீ. யோனா என்றால் புறா. தாமார் என்றால் பேரீச்ச மரம். மோசேயின் மனைவி சிப்போராள் பெயருக்குப் பறவை என்று பொருள். யாகேல் என்றால் மலையாடு. ராகேல் என்றால் பெண் செம்மறியாடு.

இதை வகுப்பில் சொல்லப்போய் நாம் ஒரு முறை தவறு செய்துவிட்டோம். ராகேல் என்ற பெயருடைய சிறுமி ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அவள் இருப்பதை எண்ணிப் பாராமல் பொருளைச் சொல்லிவிட்டோம். அன்று இடைவேளையில் பிள்ளைகள் "ஆடு, ஆடு" என்று கத்தி அவளை அழ வைத்தார்கள். மறுநாள் பாடத்தை அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். பணம் என்று ஒன்று புழங்காத காலத்தில் ஆடே செல்வம். விவிலியத்து ராகேல் தானே மந்தையை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்கு வந்தவள். அவளைக் கண்டதும் யாக்கோபு கிணற்றின் வாயை அடைத்திருந்த கல்லைத் தனியாளாகப் புரட்டினார் என்றெல்லாம் விளக்கினோம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். எல்லாம் முடிந்தபின் அந்தச் சிறுமி கை தூக்கி, "எங்கள் பாட்டியும் ஆடு வளர்க்கிறார்கள் சார். ஆட்டை விற்றுத்தான் அண்ணனுக்குச் சீருடை வாங்கினார்கள்" என்றாள். நாம் சொன்ன விளக்கத்தைவிட அதுவே வகுப்புக்குப் புரிந்தது.

பெயருக்கு விவிலியம் சொல்லும் காரணமும் மொழியறிஞர் சொல்லும் காரணமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மோசே என்ற பெயரே சிறந்த சான்று. நைல் நதியின் கரையில் கூடையில் கிடந்த குழந்தையை எகிப்திய மன்னனின் மகள் எடுத்து, 'நீரிலிருந்து இவனை வெளியே எடுத்தேன்' என்று சொல்லி மோசே என்று பெயரிட்டாள் என்று யாத்திராகமம் கூறுகிறது. எபிரேயத்தில் 'மாஷா' என்றால் வெளியே எடுத்தல். ஆனால் எகிப்திய இளவரசி எபிரேய மொழியில் ஏன் பெயர் வைக்கிறாள்? எகிப்திய மொழியில் 'மோசே' என்பதற்குப் 'பிறந்தவன்' என்று பொருள். துட்மோஸ், ஆமோஸ், ராம்சேஸ் ஆகிய எகிப்திய மன்னர்களின் பெயரில் உள்ள சொல் அதுவே. துட்மோஸ் என்றால் 'தோத் என்னும் தெய்வம் பிறந்தது'. ஆகவே மோசே என்பது எகிப்தியப் பெயர் என்றும், எபிரேயர் தம் மொழியில் அதற்கு ஒரு பொருள் கண்டனர் என்றும் ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். பினெகாஸ் என்ற ஆசாரியரின் பெயரும் எகிப்தியச் சொல்லே. 'தென்னாட்டான், நூபிய நாட்டான்' என்று பொருள்படும். பெயர் வாங்கிக்கொள்ளாத மொழி உலகில் இல்லை.

மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகளுக்கு இனி வருவோம். இஸ்ரவேல் என்ற பெயரை முதன்முதலில் கல்லில் காண்பது எகிப்தில்தான். மெர்னெப்தா என்ற மன்னன் ஏறத்தாழ கி.மு. 1208-இல் பொறித்த வெற்றிக் கல்வெட்டில் அது உள்ளது. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கில ஆய்வாளர் 1896-இல் அதைக் கண்டெடுத்தார். தாவீது என்ற பெயர், 'தாவீதின் வீடு' என்ற தொடராக, 1993-இல் வட இஸ்ரேலில் உள்ள தேல் தான் என்ற இடத்தில் கிடைத்த கல்லில் காணப்பட்டது. தாவீது என்றால் அன்புக்குரியவன். நம் நாட்டில் டாவூட் என்று வழங்குவதும் இதுவே.

மன்னர்களின் கல்வெட்டைவிட நமக்குச் சுவையாக இருப்பவை கணக்குச் சீட்டுகள். 1910-இல் சமாரியா என்ற பழைய தலைநகரில் மைகொண்டு எழுதிய பானையோடுகள் பல கிடைத்தன. எந்த ஊரிலிருந்து யார் பெயரால் எத்தனை சாடி எண்ணெய், எத்தனை சாடி திராட்சை ரசம் வந்தது என்ற குறிப்புகள் அவை. கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக் கிராணியார் ஒருவர் எழுதியவை என்றே சொல்லலாம். அவற்றில் யாவேயின் பெயர் கொண்டவர்களும் இருக்கிறார்கள். பாகால் என்ற பெயர் கொண்டவர்களும் இருக்கிறார்கள். பாகால் என்றால் 'தலைவன், உடையவன்'. கானான் நாட்டார் வணங்கிய தெய்வத்துக்கும் அதுவே பெயர்.

பிற்கால நூலாசிரியர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சவுல் மன்னனின் மகன் ஒருவன் நாளாகமத்தில் எஸ்பால், அதாவது 'பாகாலின் மனிதன்', என்று குறிக்கப்படுகிறான். சாமுவேல் நூலில் அவனே இஸ்போசேத் ஆகிவிடுகிறான், 'வெட்கத்தின் மனிதன்'. எந்தத் தந்தையாவது மகனுக்கு வெட்கம் என்று பெயரிடுவானா? ஏடு எழுதியவர்கள் மாற்றிய மாற்றம் இது என்று அறிஞர்கள் நெடுநாளாகக் கருதி வந்தார்கள். 2012-இல் கிர்பெத் கையாபா என்ற இடத்தில் சுமார் 3,000 ஆண்டுப் பழமையான சாடியொன்றின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஒட்டிச் சேர்த்துப் படித்தபோது 'பேதாவின் மகன் இஷ்பாகால்' என்ற பெயர் தெரிந்தது. செய்தி 2015-இல் வெளியாயிற்று. அவன் சவுலின் மகன் அல்லன், வேறொருவன். எனினும் அக்காலத்தில் அப்பெயர் உண்மையாகவே வழங்கியது என்பது உறுதியாயிற்று. அந்த அகழ்வை நடத்தியவர்களுள் ஒருவரின் பெயர் யோசேப் கார்பிங்கல். அவரும் நம் சூசைக்குப் பெயரொத்தவரே!

அடுத்து வருவது, நேயர்களே, நம்மைப் போன்றவர்கள் சற்று நின்று கேட்க வேண்டிய பகுதி.

தோற்ற நாட்டாரின் பெயரை வென்றவன் மாற்றுவது அக்கால வழக்கம். எலியாக்கீம் என்ற யூதா நாட்டு இளவரசனை எகிப்திய மன்னன் அரியணையில் வைத்து யோயாக்கீம் என்று பெயர் மாற்றினான். பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார், மத்தனியா என்பவனைச் சிதேக்கியா என்று மாற்றினான். கி.மு. 597-இலும் 586-இலும் யூதா நாட்டு மக்களில் பலர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தானியேல் நூலில் அரண்மனைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட நான்கு இளைஞர்களின் கதையைப் படிக்கிறோம். முதலில் நடந்தது பெயர் மாற்றம். தானியேல், பெல்தெஷாத்சார் ஆனான். அசரியா, அதாவது 'யாவே உதவினார்' என்ற பெயருடையவன், ஆபேத்நேகோ ஆனான். பாபிலோனியரின் நேபோ தெய்வத்தின் அடியான் என்று பொருள். பழைய இறைவன் பெயரை எடுத்துவிட்டுப் புதிய இறைவன் பெயரை வைத்தார்கள்.

அரண்மனைக்குப் போனவர்கள் சிலர். மற்றவர்கள்? அவர்கள் வயலுக்கும் வாய்க்கால் கரைக்கும் போனார்கள். இன்றைய இராக் நாட்டின் தென்பகுதியில் அவர்களை அரசாங்க நிலங்களில் குடியேற்றினார்கள். அப்படிக் குடியேறிய ஊர் ஒன்றுக்கு ஆல்-யாகூது, அதாவது 'யூதா ஊர்', என்றே பெயர். அவர்களைப் பற்றிய களிமண் பலகைகள் ஏறத்தாழ 200 கிடைத்துள்ளன. முறையான அகழ்வில் அல்லாமல், பழம்பொருள் சந்தை வழியாக வெளிவந்தவை அவை. லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் என்ற இரு பெண் அறிஞர்கள் அவற்றில் ஒரு பகுதியைப் படித்து 2014-இல் நூலாக வெளியிட்டார்கள். மிகப் பழைய பலகையின் காலம் கி.மு. 572, கடைசிப் பலகை கி.மு. 477. எழுதியவர்கள் பாபிலோனியக் கணக்கர்கள். எல்லாம் வாற்கோதுமைக் கடன், பேரீச்சங்குலைக் குத்தகை, வரி, பங்குப் பிரிப்பு பற்றியவையே. அழுகையும் இல்லை, பாட்டும் இல்லை. பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

அந்தப் பெயர்களே பேசுகின்றன. ஒரு குடும்பத்தில் பாட்டனார் சமாக்-யாமா, 'யாவே தாங்கினார்'. அவர் மகன் ரபா-யாமா, 'யாவே குணமாக்கினார்'. அவர் மகன் அகீகாம். அவன் பிள்ளைகளுள் ஒருவன் நீர்-யாமா, 'யாவேயின் விளக்கு'. யாகு என்பதைப் பாபிலோனியக் கணக்கர்கள் தங்கள் காதில் விழுந்தபடி யாமா என்று எழுதிவிட்டார்கள். எழுத்து மாறினாலும் நான்காவது தலைமுறையிலும் பெயர் நின்றது. பிழைக்க வந்த இடத்தில், பேச்சும் கணக்கும் பிறர் மொழியில் நடக்கும் இடத்தில், பிள்ளையின் பெயரில் மட்டும் தங்கள் மொழியையும் இறைவனையும் வைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஒரே மனிதனின் பெயர் ஒரு பலகையில் பேல்-சார்-உசூர் என்றும், மற்றொன்றில் யாகு-சார்-உசூர் என்றும் வருகிறது. முன்னதற்குப் 'பேல் தெய்வமே, அரசனைக் காப்பாயாக' என்று பொருள். பின்னதில் பேலுக்குப் பதில் யாகு. வெளியே ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு பெயர் வைத்துக்கொள்வது நமக்கும் புதிதன்று. அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பிற்பாடு பாரசீக மன்னன் கோரேஸ் கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்து, மக்கள் ஊர் திரும்ப இசைவு தந்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கி எருசலேம் ஆலயத்துக்கு மீண்டும் அடிக்கல் நாட்டியவரின் பெயர் என்ன தெரியுமா? செருபாபேல், 'பாபிலோனின் வித்து'. பெயர் அயல்நாட்டுப் பெயர். செய்த வேலையோ சொந்த நாட்டு வேலை.

அரசனும் கணக்கனும் பெயரை மாற்றியது அந்தக் காலத்தோடு போகவில்லை. ஒரு முறை பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வந்த தந்தையின் பெயர் யாக்கோபு. அவருடைய அடையாளக் கார்டில் அது ஒரு விதமாகவும், திருமணப் பத்திரத்தில் வேறு விதமாகவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. ஒன்றில் யகரம், மற்றொன்றில் ஜகரம். எழுதிய கைகள் வேறு. எழுதக் கேட்ட காதுகள் வேறு. அவருக்கோ அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. மூவரும் ஒருவரே என்று எழுதி வாங்க, இரண்டு நாள் சம்பளத்தை இழந்து பட்டணத்துக்கு அலைந்தார். "எதுதான் சார் சரி?" என்று நம்மைக் கேட்டார். எபிரேயத்தில் யாகோவ், அங்கே ஜகர ஒலியே இல்லை. ஐரோப்பியர் எழுதிய வடிவில் முதலெழுத்தை ஆங்கிலேயர் ஜகரமாக ஒலித்ததால் ஜேக்கப் ஆயிற்று. வீட்டில் அவரை அழைத்த யாக்கோபே மூலத்துக்கு மிக நெருங்கியது என்று சொன்னோம். அவர் சிரித்தார். அந்த விடையால் அலுவலகத்தில் ஒரு பயனும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பிள்ளைக்குப் பெயர் பதியும் நாளில், படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எழுதிய பின் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு பெயர் மொழிக்கு மொழி எப்படி உருமாறுகிறது என்பதற்கு இயேசு என்ற பெயரே சான்று. எபிரேயத்தில் யெகோசுவா, 'யாவே மீட்பு' என்பது பொருள். மோசேக்குப் பின் மக்களை நடத்திய யோசுவாவின் பெயரும் இதுவே. பேச்சு வழக்கில் யேசுவா என்று குறுகியது. கிரேக்கருக்கு ஷகரம் வராது. ஆண்பால் பெயர் சகரத்தில் முடிய வேண்டும். ஆகவே இயேசூஸ் ஆயிற்று. தமிழில் அந்தச் சகரம் உதிர்ந்து இயேசு ஆயிற்று.

தமிழுக்கு வந்தபோது பெண்பாற் பெயர்கள் நம் வழக்கப்படி ஆள் விகுதி பெற்றன. சாரா சாராளானாள்; அன்னா அன்னாளானாள்; ஏவா ஏவாளானாள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட காலத்திலிருந்து இப்பெயர்கள் அச்சில் ஏறின. கத்தோலிக்கத் தமிழர் இன்னும் ஒரு படி மேலே சென்று, பொருளையே தமிழாக்கினார்கள். யோவான் என்பதன் எபிரேய மூலம் யோகானான், 'யாவே அருள்புரிந்தார்'. ஆகவே யோவான் அருளப்பர் ஆனார். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ பாதிரியாரும் அருளானந்தர் என்றே தமிழரிடையே அறியப்பட்டார். பவுல் என்பது இலத்தீன் பெயர். 'சிறியவர்' என்று பொருள். அதுவே சின்னப்பர். தோட்டங்களில் அருளப்பன், சின்னப்பன் என்ற பெயர்களைக் கேட்டு, இவை தூய தமிழ்ப் பெயர்கள் ஆயிற்றே என்று நினைத்தவர்கள் உண்டு. தமிழ்ப் பெயர்கள்தாம், ஆனால் அவற்றின் பின்னே எபிரேயமும் இலத்தீனும் நிற்கின்றன.

கடைசியாக ஒரு பெயர். மோசேயின் தமக்கை மிரியாம். அதே பெயர்தான் கிரேக்கத்தில் மரியா, அரபில் மர்யம், மலாய்க்காரரிடையே மரியாம், நம்மிடையே மரியம்மாள், மரியாயி. இதற்குக் 'கசப்பு' என்று பொருள் சொன்னவர்கள் உண்டு. எகிப்திய மொழியில் 'அன்புக்குரியவள்' என்பார் சிலர். விரும்பிப் பெற்ற பிள்ளை என்பார் வேறு சிலர். கோடிக்கணக்கான தாய்மார் தங்கள் மகளுக்கு வைத்த இந்தப் பெயருக்கு, அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்த பொருள் காணவில்லை.